விபத்தில் உங்கள் தவறும் கொஞ்சம் உண்டா? இங்கிலாந்தில் அதனாலேயே எல்லாம் போய்விடாது

நண்பரின் காரில் பின் இருக்கையில் போன தம்பி ஒருவர், வேன் மோதித் தோள் எலும்பு முறிந்து வீட்டில் கிடக்கிறார். "பெல்ட் போடவில்லை, அண்ணா. தவறு என்னுடையதும்தானே, எந்த முகத்தோடு இழப்பீடு கேட்பது?" என்கிறார். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸிலிருந்து ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததாம். அதிலேயே மனம் விட்டுவிட்டார்.

விட்டுவிடாதீர்கள், தம்பி. ஒரு காலத்தில் இங்கே நிலைமை நீங்கள் பயப்படுவதுபோலத்தான் இருந்தது. அடிபட்டவரிடமும் தவறு இருந்தால் ஒரு பென்னி கூடக் கிடைக்காது. 1945இல் வந்த சட்டம் அதை மாற்றியது. இப்போது உங்கள் பங்குக்கு ஏற்பக் கழிப்பார்கள், அவ்வளவுதான்.

பெல்ட் விஷயத்தில் எவ்வளவு கழிப்பது என்பதற்கு ஃப்ரூம் எதிர் புட்சர் என்ற வழக்கில் நீதிபதி டென்னிங் பிரபு சொன்ன அளவுதான் இன்றும் வழிகாட்டி. போட்டிருந்தால் காயமே பட்டிருக்காது என்றால் 25 சதவீதம். காயம் குறைந்திருக்கும் என்றால் 15. போட்டிருந்தாலும் இதே காயம்தான் என்றால் கழிவே இல்லை. உங்கள் காயத்துக்கு 8,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீதம் போனாலும் 6,800 உங்களுடையது. பெல்ட் இருந்தால் தோள் தப்பியிருக்கும் என்று நிரூபிக்க வேண்டியவர் எதிர்த்தரப்பு. அதற்காகப் பெல்ட் போட்டிருந்தேன் என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். மருத்துவக் குறிப்பில் உண்மை தெரிந்தால் உங்கள் முழு வழக்கின் நம்பகத்தன்மையும் போய்விடும்.

அடுத்து வரும் வாதம், "ஆபத்து தெரிந்துதானே வந்தீர்கள்?" என்பது. காரில் ஏறிய பயணியிடம் ஓட்டுநர் இப்படிச் சொல்லித் தப்ப 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடம் தரவில்லை. குடித்திருக்கிறார் என்று தெரிந்தே ஏறினால் தொகை குறையும். ஒரு வழக்கில் 20 சதவீதம் கழித்தார்கள்.

பராமரிப்பு இல்லங்களிலும் கிடங்குகளிலும் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். தலைக்கு மேல் கிரேன் கல்லைத் தூக்கிச் செல்வது தெரிந்தும் வேலையைத் தொடர்ந்த தொழிலாளி ஒருவர் மேல் கல் விழுந்தது. தெரிந்திருந்தார் என்பதாலேயே சம்மதித்தார் என்று ஆகாது என்று அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை 1891இலேயே தீர்ப்பளித்தது. வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு பளு தூக்குகிறவர் முதுகைத் தாரைவார்த்துக் கொடுத்துவிடவில்லை. இந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கடையிலோ ஜிம்மிலோ "காயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பலகை இருந்தாலும், அவர்களுடைய கவனக்குறைவால் உங்களுக்கு அடிபட்டால் அந்தப் பலகை செல்லாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீங்களே குற்றத்தில் கூட்டாளியாக இருந்தால் நீதிமன்றம் கையை விரித்துவிடலாம். உரிமமும் இன்சூரன்ஸும் இல்லாத, குடித்திருந்த சிறுவனை மோட்டார் சைக்கிளைத் தாறுமாறாக ஓட்டும்படி உசுப்பேற்றிய, பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவருக்குக் கடைசியில் எதுவும் கிடைக்கவில்லை.

பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். குழந்தைகளுக்கு 18 வயது முடிந்த பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும். விபத்துத் தேதியையும் வேனின் எண்ணையும் இன்றே எழுதி வையுங்கள். சொலிசிட்டரைப் பார்க்கும்வரை இன்சூரன்ஸ்காரர் அனுப்பும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.