எஸ்2 விண்மீன் பாதை: கருந்துளையின் நிறை பாதிகூட வரவில்லை, எங்கே இடிக்கிறது?

பைத்தான் பிரியன்:
வணக்கம். பால்வீதி மையத்தில் இருக்கும் கருந்துளையை எஸ்2 சுற்றி வருகிறதே, அதன் பாதையை வைத்து நிறையை நானே கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக் குழு வெளியிட்ட நிலைப் பட்டியல்தான் கையில் இருக்கிறது (1992 முதல் சிலியின் லா சியா, பிறகு பாரனால் தொலைநோக்கிகளில் எடுத்தவை). புள்ளிகளின் மேல் ஒரு நீள்வட்டம் பொருத்தினேன். அழகாகப் படிகிறது. ஆனால் மூன்று சிக்கல்:

நீள்வட்டத்தின் குவியம் (கருந்துளை இருக்க வேண்டிய இடம்) சாஜிடேரியஸ் ஏ*, அதாவது அந்தக் கருந்துளையின் மேல் விழாமல், மேற்கே சுமார் 11 மில்லி ஆர்க்செகண்ட் தள்ளி நிற்கிறது (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது பாகையின் 36 இலட்சத்தில் ஒரு பங்கு). மையப்பிறழ்ச்சி (நீள்வட்டம் எவ்வளவு நீண்டது என்ற அளவு) 0.83, எல்லோரும் சொல்வது 0.88. அரைப் பேரச்சு (நீண்ட விட்டத்தில் பாதி) 96 மில்லி ஆர்க்செகண்ட். தூரம் 8,280 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), சுற்றுக்காலம் 16.05 ஆண்டு என்று, பாதையின் அளவையும் சுற்றுக்காலத்தையும் நிறையோடு இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியில் போட்டால் நிறை 19.5 இலட்சம் சூரியன். வர வேண்டியது 43 இலட்சம்! நிரலை எத்தனை முறை பார்த்தாலும் பிழை தெரியவில்லை.

தெற்குவானம்:
நிரலில் பிழை இல்லை தம்பி. நீங்கள் அளந்தது பாதையை அல்ல, அதன் நிழலை. வெயிலில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் நீள்வட்டமாக விழுமே, அதேதான். எஸ்2-இன் பாதைத் தளம் நம் பார்வைக்கு 134 பாகை சாய்ந்திருக்கிறது. நீள்வட்டத்தின் நிழலும் நீள்வட்டம்தான். அதனால்தான் பொருத்தம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் நிஜக் குவியத்தின் நிழல், நிழல் நீள்வட்டத்தின் குவியத்தில் விழாது. மையம் மட்டும் மையத்திலேயே விழும்.

நிழலிலும் கெடாத விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, சம நேரத்தில் சம பரப்பு என்ற விதி. உள்ளே ஒரு புள்ளியை வைத்து, அங்கிருந்து அடுத்தடுத்த நிலைகளுக்குக் கோடு இழுத்துப் பரப்பைக் காலத்தால் வகுத்துப் பாருங்கள். எந்தப் புள்ளிக்கு அந்த விகிதம் மாறாமல் வருகிறதோ அங்கேதான் கருந்துளை. இரண்டாவது, ஒரே கோட்டில் உள்ள தூரங்களின் விகிதம். மையத்திலிருந்து கருந்துளை வழியாகக் கோட்டை நீட்டினால் அது பாதையை வெட்டும் இடம் அண்மைப் புள்ளி, அதாவது விண்மீன் கருந்துளைக்கு மிக அருகே வரும் இடம். மையம்–கருந்துளை சுமார் 83 மில்லி ஆர்க்செகண்ட், மையம்–அண்மைப் புள்ளி சுமார் 94. வகுத்தால் 0.88. சாய்வே தெரியாமல் மையப்பிறழ்ச்சி கைக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா?

நிறைக்கு மட்டும் நிஜ அரைப் பேரச்சு வேண்டும். நீள்வட்டம் பொருத்துவதை விட்டுவிடுங்கள். சுற்றுக்காலம், அண்மைப் புள்ளியைக் கடந்த நேரம், மையப்பிறழ்ச்சி மூன்றையும் ஊகித்து, ஒவ்வொரு தேதிக்கும் கெப்ளர் சமன்பாட்டை (விண்மீன் பாதையில் எங்கே இருக்கும் என்று தருவது) தீர்த்து, மீதியைத் தீல்–இன்னெஸ் மாறிலிகளாக (பாதையின் அளவும் சாய்வும் அடங்கிய நான்கு எண்கள்) நேரியல் முறையில் எடுங்கள். இரட்டை விண்மீன்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

குட்டி டாப்சன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. தனுசு ராசிப் பக்கம் திருப்பினால் எஸ்2 தெரியுமா?

தெற்குவானம்:
தெரியாது. இடையில் உள்ள தூசி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சுமார் 30 பொலிவெண் (மங்கலை அளக்கும் எண், கூடக்கூட மங்கல்) அளவுக்கு மங்கடிக்கிறது. அதாவது இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் வந்து சேரும். அதனால்தான் அகச்சிவப்பில், 2.2 மைக்ரான் பக்கம் பார்க்கிறார்கள். அதிலும் பொலிவெண் 14தான். அப்புறம் அங்கே ஒரே நெரிசல். ஹவாயில் உள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியாலேயே சுமார் 55 மில்லி ஆர்க்செகண்டுக்குக் கீழே இரண்டு விண்மீன்களைப் பிரித்துக் காட்ட முடியாது.

அகச்சிவப்பு:
பிரியன், 2002 புள்ளிகளுக்கு எடையைக் குறைத்துப் போடுங்கள். அந்த ஆண்டு எஸ்2 கருந்துளைக்கு மிக அருகே இருந்தது. வேறொரு மங்கலான ஒளியோடு கலந்திருக்கலாம் என்று மாக்ஸ் பிளாங்க் குழுவே பிழை வரம்பை அகட்டித்தான் பயன்படுத்தியது. கெக் பட்டியலையும் இதோடு அப்படியே ஒட்டாதீர்கள். இரண்டின் ஆயப் புள்ளியும் (நிலைகளை அளக்கத் தொடங்கும் பூச்சிய இடம்) ஒன்றல்ல. காலப்போக்கில் ஒன்றுக்கொன்று நகரவும் செய்கின்றன. சேர்த்தால் அந்த வித்தியாசத்துக்கு நான்கு மாறிகள் கூடுதலாக விட வேண்டும்.

பைத்தான் பிரியன்:
வந்துவிட்டது! அரைப் பேரச்சு 125 மில்லி ஆர்க்செகண்ட், மையப்பிறழ்ச்சி 0.88, நிறை 43 இலட்சத்தை ஒட்டி. இருவருக்கும் நன்றி. ஒரு உறுத்தல்: 8,280 பார்செக் நான் வெளியிலிருந்து போட்டது. 8,000 என்று போட்டால் நிறை 39 இலட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. தூரத்தையும் இந்தப் புள்ளிகளிலிருந்தே எடுக்க முடியாதா?

தெற்குவானம்:
நிலைகளை மட்டும் வைத்து முடியாது. அவை தருவது நிறையைத் தூரத்தின் மும்மடியால் வகுத்த எண்ணை மட்டுமே. நிறமாலையிலிருந்து வரும் ஆரத் திசைவேகத்தை (விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) சேருங்கள். வானத்தில் நகர்வது கோண அளவில் இருக்கிறது, நிறமாலை தருவது நேரடியாக நொடிக்கு இத்தனை கிலோமீட்டர். இரண்டும் ஒரே பாதைக்குப் பொருந்தும் தூரம் ஒன்றுதான். விண்மீன் கருந்துளைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற குழப்பமும் அதோடு தீரும்.

ஆனால் 2018 மே 19-ஐ ஒட்டிய புள்ளிகளை வைத்திருந்தால் வெறும் கெப்ளர் போதாது. அன்று எஸ்2 கருந்துளையிலிருந்து சுமார் 120 வானியல் அலகு (ஓர் அலகு பூமி–சூரியன் தூரம்) தூரத்தில், நொடிக்கு 7,650 கி.மீ. வேகத்தில் போனது. ஈர்ப்புச் செம்பெயர்ச்சியும் (ஈர்ப்பிலிருந்து வெளியேறும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது) சார்பியல் டாப்ளரும் (மிகை வேகத்தால் வரும் அதே மாதிரி நகர்வு) சேர்ந்து நொடிக்கு 200 கி.மீ. அளவுக்குத் திசைவேகத்தைக் கூட்டிக் காட்டும். அதைக் கழிக்காமல் பொருத்தினால் தூரம் தவறாக வரும். பாதை ஒவ்வொரு சுற்றுக்கும் 12 ஆர்க்நிமிடம் (பாகையில் ஐந்தில் ஒரு பங்கு) திரும்புவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். உங்கள் பழைய புள்ளிகளின் துல்லியத்துக்கு அது தெரியாது.

பட்டியலில் உள்ள திசைவேகங்கள் பூமியின் ஓட்டத்துக்குத் திருத்தப்பட்டவையா என்று தலைப்புக் குறிப்பில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.