புதுப்பிப்பு: உழவர் சந்தை நூல்கோல் நார் நாராக இருந்த பிரச்சினை தீர்ந்தது

நூல்கோல் (நூக்கல்) எவ்வளவு வேகவைத்தாலும் நார் போகவில்லை, ஃப்ரிட்ஜில் சீக்கிரம் வதங்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "சின்னதாக எடுங்க, தோலை ஆழமாகச் சீவுங்க" என்ற யோசனைதான். டென்னிஸ் பந்து அளவைத் தாண்டியதையும் தோல் வெடித்ததையும் ஒதுக்கினேன். மேல்தோலுக்கு அடியில் வெளிறிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பீலர் அதைத் தொடுவதே இல்லை. வேர்ப்பக்கம் ஒரு செ.மீ. வெட்டிவிட்டு, அங்கிருந்து கத்தியால் மேல்நோக்கி உரித்தால் படலம் பட்டையாகக் கழன்று வருகிறது. நார் முற்றத் தொடங்குவது அடியில்தான்.

குக்கரில் கூடுதல் விசில் விடும் யோசனை பலிக்கவில்லை. சதை குழைந்தது, நார் அப்படியே நின்றது. முற்றிய நாரை வேகவைத்து மென்மையாக்க முடியாது.

வதங்கலுக்குக் காரணம் இலை. காயின் ஈரத்தை அது இழுத்துவிடும். வாங்கியதும் இலையைக் காம்போடு நறுக்கித் தனிப் பையில் வையுங்கள். கீரை மாதிரி சமைக்கலாம், ஆனால் காயைவிட முன்னதாகவே வாடிவிடும்.

எதிர்பாராதது: பெருத்தாலும் இளசாகவே இருக்கும் ரகங்களும் உண்டு. பெரிய காயைக் கண்டதும் ஒதுக்காமல், விளைவித்தவரிடம் ரகத்தைக் கேளுங்கள். ஊதா, பச்சை என்ற நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், உள்ளே இரண்டும் வெள்ளைதான்.