பசுமை அமோனியா உரம் வந்தால் தேயிலைக் கொழுந்து விற்பவர் பாடு என்ன?

மஸ்கெலியா மச்சான்: ஐரோப்பா 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதியாகும் இரும்பு, சிமெந்து, உரம் எல்லாவற்றுக்கும், அவற்றைச் செய்யும்போது வெளியேறும் காபனீரொட்சைட்டுக்கு ஏற்பக் காபன் வரி விதிக்கத் தொடங்கிவிட்டது. உரத்தின் மூலப்பொருள் அமோனியா. உர ஆலைகள் இனி எரிவாயுவை விட்டு, காற்றாலை, சூரிய மின்சாரத்தில் செய்யும் பசுமை அமோனியாவுக்கு மாற வேண்டுமாம். இன்றைக்கு அது எரிவாயு அமோனியாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. 2021இல் இலங்கை அரசு ரசாயன உரத்தைத் தடை செய்து நம்மை வாட்டியது போதாதா?

ஊவா மலர்: அண்ணே, அந்த வரி ஐரோப்பாவுக்குள் போகும் உரத்துக்குத்தான், கொழும்புத் துறைமுகத்துக்கு இல்லை. அங்கே விற்க முடியாத உரம் நம் பக்கம் மலிவாக வரவும் கூடும்.

அப்படியே நமக்கும் வரி வந்தாலும் கணக்குப் பாருங்கள். ஒரு தொன் யூரியா உரம் செய்ய 0.58 தொன் அமோனியா வேண்டும். ஒரு தொன் அமோனியா செய்யச் சுமார் 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். வரி ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு 80 டொலர் என்று வைத்தால், ஒரு தொன் யூரியாவில் ஏறுவது 100 டொலருக்கும் குறைவு. 2020இல் 250 டொலருக்குக் கீழே இருந்த யூரியா 2022இல் 900ஐத் தாண்டியதே, அதற்கு எந்தக் காபன் வரி காரணம்? எரிவாயுவும் போரும்தான். காற்றாலை மின்சாரத்தில் அமோனியா செய்தால் அந்தத் தலைவலி குறையும்.

உரக்கடை: ஒரு சிக்கல் இருக்கிறது தங்கச்சி. யூரியா செய்யக் காபனீரொட்சைட்டும் வேண்டும். இப்போது அது எரிவாயுவிலிருந்தே கிடைத்துவிடுகிறது. பசுமை அமோனியாவில் அது இல்லை, வேறெங்கிருந்தாவது பிடித்துவர வேண்டும். இல்லாவிட்டால் அமோனியம் சல்பேட்டுக்குப் போக வேண்டும். அதில் நைதரசன் 21 சதவீதம், யூரியாவில் 46. மலை மேலே ஏற்றும் மூட்டை இரண்டு மடங்காகும், லொறிக் கூலியை யார் கொடுப்பது?

மஸ்கெலியா மச்சான்: அதைத்தான் கேட்கிறேன். தேயிலை ஏலத்தில் விற்ற பணத்தில் கொழுந்து கொடுத்தவருக்கு 68 சதவீதம், தேயிலைத் தொழிற்சாலைக்கு 32. பங்கு போடுவது விற்ற விலையைத்தான், உரச் செலவை இல்லை. 100 டொலரோ 500 டொலரோ, ஏறுவது முழுக்க என் தலையில். ஏலத்தில் வாங்குகிறவன் உர விலை கேட்டா விலை சொல்கிறான்?

ஊவா மலர்: சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 68:32 கணக்கின் கோளாறு. 2022இலும் இதேதான் நடந்தது, அப்போது பசுமை அமோனியா எங்கே இருந்தது?

மஸ்கெலியா மச்சான்: கோளாறு எதுவானாலும், முதலில் அதைத் திருத்திவிட்டு ஆலையை மாற்றச் சொல்லுங்கள்.

உரக்கடை: ஆலைக்காரன் நம்மைக் கேட்டா மாற்றப் போகிறான்!