கோதண்டராமர் கோயில் பூநாரைகளும் குறைந்த விலை டெலிபோட்டோ லென்ஸும்

தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் இறங்கும் காலத்தில், விடியுமுன் மண்டபத்திலிருந்து கிளம்பிப் போய் அங்கே நிற்பது என் வழக்கம். குறைந்த விலையில் எந்த டெலிபோட்டோ லென்ஸ் (தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்காக, நான் பணத்தை இழந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் நான் வாங்கியது, அதிர்வைத் தாங்கும் வசதி (கை நடுங்கினாலும் படம் கலங்காமல் காப்பது) இல்லாத, பிறர் பயன்படுத்திய ஒரு 300 மி.மீ. லென்ஸ். இந்த மி.மீ. எண் கூடக் கூட, தொலைவில் இருப்பது நெருங்கித் தெரியும். விலை மலிவாக இருந்ததால் வேறு எதையும் பார்க்கவில்லை. என் கேனான் 1500டி கேமராவின் சென்சார் சிறியது என்பதால், அதில் 300 மி.மீ. என்பது 480 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும்; கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே இறங்கினால், கடற்காற்றில் பூநாரையின் கால்கள் இரட்டை இரட்டையாகப் பதிந்தன. அதைவிட வருத்தம் தந்தது, எல்லாப் படங்களிலும் பால் படிந்தது போன்ற ஒரு மங்கல். ஒருநாள் இரவு லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், உள்கண்ணாடியின் விளிம்பில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருப்பதும், கேமராவில் பொருந்தும் வளையத்தின் திருகுகளில் துரு ஏறியிருப்பதும் தெரிந்தன. விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நானும் வாங்குமுன் அந்த டார்ச்சை அடித்திருக்க வேண்டும்.

அதன்பின் கேனான் 55-250 எஸ்.டி.எம். லென்ஸை வாங்கினேன். எடை 375 கிராம்தான். அதிர்வைத் தாங்கும் வசதி உண்டு. நின்று மேயும் பறவைக்கு அந்த வசதி பெரிதும் உதவும். பறக்கும் ஆலாவுக்கு உதவாது, அதற்கு ஷட்டர் வேகத்தை 1/1600 வரை உயர்த்தியே ஆக வேண்டும். நூறு மீட்டர் தொலைவில் நிற்கும் பூநாரை, 250 மி.மீ.-இல் படத்தின் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வரும். தனிப் பறவையின் முகம் வேண்டுமென்றால் இது போதாது. நீரில் நிழல் விழ வரிசையாக நிற்கும் கூட்டத்திற்கு இதுவே நிறைவாக இருக்கிறது.

நண்பரிடமிருந்து சிக்மா 150-600 லென்ஸை இரவல் வாங்கியும் பார்த்தேன். அதே பறவை படத்தில் பாதி உயரத்திற்கு வந்தது உண்மை. ஆனால் அது இரண்டு கிலோவுக்குச் சற்றே குறைந்த எடை. அரிச்சல்முனைக் காற்று அதன் நீண்ட முன்பகுதியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறி மணலுக்கு மேல் கானல் அசையத் தொடங்கிவிட்டால், எத்தனை விலை கொடுத்த லென்ஸிலும் இறகின் நுணுக்கம் கிடைப்பதில்லை என்பதையும் அன்றுதான் கண்டேன். ஆகவே தம்பி, முதல் லென்ஸுக்கு 600-ஐத் தேட வேண்டாம். அதிர்வைத் தாங்கும் வசதியும் பூஞ்சையில்லாத கண்ணாடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாங்கிய பிறகு தோல் பையில் வைக்காமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மணற்காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது.

*

மேலே அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, தேவிபட்டினத்திலிருந்து நான் எழுதுகிறேன். அவர் சொன்னது கேனானுக்கு. நிக்கான் வைத்திருப்பவர்கள் ஏஎப்-பி டிஎக்ஸ் 70-300 லென்ஸைப் பார்க்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். அது இரு வகையாக வருகிறது, பெயரில் வி.ஆர். என்று இருப்பதில் மட்டுமே அதிர்வைத் தாங்கும் வசதி உண்டு. இரண்டாவது, டி3100, டி90 போன்ற பழைய கேமராக்களில் அந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. சக்கரக்கோட்டைக் கண்மாயில் கூழைக்கடாக்களை எடுக்க நான் வி.ஆர். உள்ளதைத்தான் பயன்படுத்துகிறேன். வாங்கப் போகும்போது என் கேமராவையும் கையோடு கொண்டுபோய், கடை வாசலில் நின்று எதிர்த்தெருப் பெயர்ப்பலகையை 300 மி.மீ.-இல் எடுத்து, எழுத்தின் ஓரம் பிசிறில்லாமல் இருப்பதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.