அறுபது தாண்டிப் படிக்கப் போனவர்கள்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கோபிக்காரன்

வணக்கமுங்க. அம்மாவுக்கு 66 வயது. இரண்டு எருமை வைத்திருந்தார். முழங்கால் வலி வந்ததும் போன தையில் விற்றுவிட்டோம். அதிலிருந்து பொழுதன்னைக்கும் டிவிதான். சர்க்கரையும் பிரஷரும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. "உடம்புக்கு ஒன்றுமில்லை, புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளட்டும், நாலு பேரோடு பழகட்டும்" என்கிறார் டாக்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை, எங்கே? லிங்க் அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வயதான காலத்தில் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தால், அது எப்படி ஆரம்பித்தது, நிலைத்ததா, பாதியில் நின்றதா என்று சொல்லுங்கள். போதும்.

பெருந்துறை மருமகள்

எங்கள் அத்தை கற்றுக்கொண்டது வள்ளி கும்மி, வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுவது. அப்போது அவருக்கு 68. மாமனார் போன பிறகு வாசற்படியைத் தாண்டாதவர். மாரியம்மன் கோயில் மைதானத்தில் பொழுதோட ஏழு மணிக்குப் பழக்குகிறார்கள் என்று தெரிந்ததும் நான்தான் சேர்ந்தேன். துணைக்கு வாங்க என்று அவரைக் கூட்டிப் போனேன். "எனக்கெதுக்கு கண்ணு இந்த வயசுல, ஊரு சிரிக்குமல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் பார்த்தால் உட்கார்ந்த இடத்திலேயே கால் தாளம் போடுகிறது. வாத்தியார் கவனித்துவிட்டு, "ஏனுங் அம்மா, எந்திரிச்சு வாங்க, பின்னால் வரிசையில நில்லுங்க" என்றார். அவ்வளவுதான். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வாத்தியார் கெட்டிக்காரர். குனிந்து தட்டுகிற அடி வரும்போது வயதானவர்கள் நின்றபடியே கை தட்டினால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். குதித்துத் திரும்பும் அடியையும் அவர்களுக்கு நடந்து திரும்புவதாக மாற்றினார். எங்கள் மைதானத்தில் யாருக்கும் முட்டி பிடிக்கவில்லை.

கும்மியை வெளியிலிருந்து பார்த்தால் கைதட்டிச் சுற்றி வருவது போலத்தான் தெரியும். உள்ளே நின்றால்தான் தெரியும் அது எவ்வளவு கணக்கு என்று. எந்தப் பாட்டுக்கு எத்தனை அடி, எந்த வரியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும், எதிரே வருபவர் கையில் எப்போது தட்ட வேண்டும், எல்லாம் மண்டையில் இருக்க வேண்டும். ஒருவர் மாற்றித் திரும்பினால் நாலு பேர் முட்டிக்கொள்வோம். வள்ளிக் கிழங்குக் குழியில் குழந்தை கிடைப்பது, தினைப்புனத்துக் காவல், முருகன் கிழவனாக வேஷம் போட்டு வருவது என்று கதை வரிசையாகப் போகும், பாட்டும் மெட்டு மாறிக்கொண்டே இருக்கும். அத்தை அடுப்படியில் தோசைக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடி வைத்துப் பார்ப்பார். தோசை கருகும். நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொரு வேடிக்கை. வரப்புத் தகராறில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டு அம்மா, வரிசையில் இவருக்கு எதிர்ஜோடியாக வந்து விழுந்தார். கையில் கை தட்டாமல் எப்படி ஆடுவது? முதல் வாரம் முகத்தைப் பார்க்காமலே தட்டினார்கள். அரங்கேற்றத்துக்குள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்குகிற அளவுக்குப் போய்விட்டது. வரப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அரங்கேற்றம் முடிந்த பிறகு அத்தை ரொம்பச் சோர்ந்து போனார். தினமும் ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பழகியவருக்குப் போக இடமில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் புதுக்குழு ஆரம்பித்ததும் புதியவர்களுக்கு அடி சொல்லிக் கொடுக்கப் போனார். அப்புறம்தான் பழைய முகம் வந்தது. 2024-இல் 87 வயதில் பத்மஸ்ரீ வாங்கினாரே, கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பன், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கலைக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்வார்கள். இன்றைக்கு மைதானத்தில் பெண்கள் கூட்டம்தான் அதிகம்.

பனியன் ஊர்க்காரன்

கும்மி எல்லாருக்கும் ஒத்துவராதுங்க. எங்கள் அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டம் என்றாலே ஆகாது. அவருக்கு வேண்டியிருந்தது போன்.

ஊரில் பெரியவர்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. பணம் கட்டிச் சேர்த்துவிட்டேன். அங்கே கீபோர்டில் விரல் வைக்கும் முறை, வேர்டில் விண்ணப்பக் கடிதம் அடிப்பது என்று ஆரம்பித்தார்கள். 70 வயதுக்காரர் யாருக்கு விண்ணப்பம் போடப் போகிறார்? இரண்டாவது வாரமே நின்றுவிட்டார். "சின்னப் பையன் என்னைச் சின்னப் பையனாட்டப் பேசறான்" என்பது கூடுதல் காரணம்.

என் மகள்தான் கடைசியில் சொல்லிக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. அதுவும் அவள் செய்து காட்ட மாட்டாள், போன் அவர் கையில்தான் இருக்கும். அப்பா நீளமான பில் நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார்: "பச்சைப் பெட்டி. மேலே பூதக்கண்ணாடி. பேர் அடி. பேர் வந்தால் தொடு." கட்டிங் டேபிளில் அளவு எழுதிய அதே கையெழுத்து. போன வருடம் பி.எஃப். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி அவரே பதிந்தார். முன்பெல்லாம் அதற்காக வங்கியில் கால் கடுக்க நிற்பார். இப்போது தெருவில் மூன்று பேருக்கு அவர்தான் செய்து கொடுக்கிறார், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. "உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோவில் விசாரிக்கிறோம், யாரிடமும் சொல்லக் கூடாது" என்று ஒரு நாள் போன் வந்தது. போனில் கைது செய்யும் வழக்கமே நம் சட்டத்தில் இல்லை என்று பேத்தி ஒரு நாள் பாடமாகவே நடத்தியிருந்தாள். அவர் சத்தமில்லாமல் கட் பண்ணிவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்துச் சொல்லிவிட்டார். எனக்கு ராத்திரிதான் தெரியும்.

ரேஸ்கோர்ஸ் டீச்சர்

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். டாக்டர் சொன்னதற்கு அடிப்படை உண்டு, ஆனால் அதை நம் ஆட்கள் குறுக்கெழுத்துப் புதிர் போடுவது என்று சுருக்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸில் 60 வயது தாண்டிய 221 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. சிலருக்குப் புதிதாக டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், சிலருக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்க, சிலருக்கு இரண்டும். வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழு கூடிப் பேசியது, ஊர் சுற்றியது, புதிதாக எதையும் கற்கவில்லை. நினைவாற்றல் கூடியது புதிதாகக் கற்றவர்களுக்குத்தான். ஆக, பழமை பேசுவது மனதுக்கு நல்லது, ஆனால் மூளை கொஞ்சம் திணற வேண்டும். பெருந்துறை அம்மணி சொன்ன கும்மியில் திணறலும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள், வியர்வையும் இருக்கிறது. இதைவிட நல்ல பாடத்திட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தில் போடுவார்கள்?

அதற்காகக் கற்றால் மறதி நோயே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. 65 வயது தாண்டிய 2,832 பேரை வைத்து 1998-இல் தொடங்கிய ஆய்வில், தர்க்கமாக யோசிப்பதற்கும் வேகமாகக் கவனிப்பதற்கும் கொடுத்த பயிற்சியின் பலன் பத்து வருடம் கழித்தும் தெரிந்தது. பட்டியலை மனப்பாடம் செய்யும் பயிற்சியின் பலன் அத்தனை நாள் நிற்கவில்லை. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு மறதி நோய்க்கான காரணங்களில் நாம் மாற்றக்கூடியவை 14 என்றது, எல்லாவற்றையும் சரிசெய்தால் சுமார் 45 சதவீதம் பேருக்கு வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்றது. அந்தப் பதினான்கில் காது கேளாமை இருக்கிறது, கண் பார்வை இருக்கிறது, தனிமையும் இருக்கிறது. அதனால் கோபிக்காரரே, எந்த வகுப்பில் சேர்ப்பதற்கும் முன்னால் அம்மாவுக்குக் காதும் கண்ணும் பார்த்துவிடுங்கள். வகுப்பில் சொல்வது காதில் விழாமல் "எனக்குப் புரியலை" என்று எழுந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கிற ஆட்கள் ஒன்று செய்கிறோம். பிரான்சில் 1973-இல் துலூஸ் நகரத்தில் வயதானவர்களுக்கென்றே பல்கலைக்கழக வகுப்பு தொடங்கினார்கள். பிரிட்டனுக்குப் போனதும் அது உருமாறி, ஆசிரியரும் இல்லை, தேர்வும் இல்லை, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் நடத்துவது என்று ஆனது. அதே பாணிதான், பேர் மட்டும் வைக்கவில்லை. வாரம் ஒருவர் தனக்குத் தெரிந்ததை நடத்த வேண்டும். ஒருவர் கரண்ட் பில்லைப் பிரித்துக் கணக்குச் சொன்னார். பாலக்காட்டுக்கார அம்மா மலையாள எழுத்து நடத்துகிறார், அது மாதக்கணக்கில் போகிறது. தறி ஓட்டிய ஒருவர் ஜக்கார்டு அட்டையைக் கொண்டுவந்து, எந்த ஓட்டைக்கு எந்த நூல் மேலே எழும்பும் என்று காட்டினார். ஓய்வு பெற்ற இன்ஜினியர்கள் இரண்டு பேர் அவரிடம் அன்றைக்கு வாங்கிய பாட்டு இருக்கிறதே! நடத்துவதற்குத் தயார் செய்கிற ஆள்தான் அந்த வாரம் அதிகம் கற்கிறார்.

காங்கயத்துப் பேரன்

எங்கள் ஆத்தா பள்ளிக்கூடத்துப் படியே ஏறாதவர். மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், 15 வயது தாண்டிய யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஊர் பள்ளிக்கூடத்திலேயே சாயங்கால வகுப்பு வைத்தார்கள். தன்னார்வலராக வந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குப் புத்தகத்தில் எழுத்தே மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்து இலவசக் கண் முகாமுக்குக் கூட்டிப்போனது. டீச்சரம்மா சொன்னது சத்தியம்.

ஆத்தா இப்போது பஸ் போர்டு படிப்பார், எழுத்துக் கூட்டி. கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடுவதற்கு முன்னால் ட்யூப்லைட்டைப் பார்க்கிறார். "உபயம்" என்று எழுதி, கட்டியவர் பேர், பொண்டாட்டி பேர், மகன், மருமகள், பேரன் வரைக்கும் இருக்குமல்லவா, அத்தனையையும் சத்தமாகப் படித்துவிட்டு, "ஒரு லைட்டுக்கு இத்தனை பேரா? வெளிச்சம் எதுல வரும்?" என்கிறார். பூசாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த லைட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

பொள்ளாச்சி தென்னை

சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா மனவளக்கலை மன்றத்தில் எளியமுறை உடற்பயிற்சி கற்றுக்கொண்டார், ஆழியாரில் இருக்கிற அவர்கள் மையத்துக்கும் போய் வந்தார். நிலைத்திருக்கிறது. ஆனால் யோகா என்றதும் எல்லாரும் கோவை நானம்மாள் பாட்டி வீடியோவை அனுப்புகிறார்கள். அவர் 2018-இல் பத்மஸ்ரீ வாங்கியபோது வயது 98, பெரிய ஆள்தான். ஆனால் சின்ன வயதிலேயே அப்பாவிடம் கற்று, வாழ்நாளெல்லாம் விடாமல் செய்தவர். அறுபதில் ஆரம்பிப்பவர் அதைப் பார்த்துத் தலைகீழாக நிற்கப் போக வேண்டாம்.

பெரியப்பா வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்து தோப்பில் பெட்டி வைத்திருக்கிறார். தேன் கொஞ்சம்தான் கிடைக்கிறது. ஆனால் தேனீயைப் பற்றி ஆரம்பித்தால் ஒறம்பரை வந்தவர்கள் எழுந்து போக முடியாது.

கோபிக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. கும்மி எங்கள் பக்கமும் நடக்கிறது, ஆனால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பஸ் இல்லை. அதுதான் யோசனை.

பெருந்துறை மருமகள்

ஒரே தெருவில் நாலு பேரைச் சேர்த்துவிடுங்கள், ஆட்டோ வாடகை பிரிந்துவிடும். எங்கள் ஊரில் அப்படித்தான். ஒருவர் மட்டும் சேர்ந்தால் மழை வந்த அன்றைக்கே நின்றுவிடுவார்.

பவானிக் கிழவன்

இத்தனை நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். சேர்த்துவிட்டேன், கூட்டிப்போனேன், சொல்லிக்கொடுத்தேன் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். கோபித் தம்பி, அம்மாவிடம் உனக்கு எதில் ஆசை என்று கேட்டீர்களா? எருமையை விற்றபோது கேட்ட மாதிரியும் தெரியவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வயது 72. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பி.ஏ. படிக்கிறேன். அங்கே வயது உச்சவரம்பு கிடையாது. வீட்டில் "எதுக்குங்கப்பா இந்த வயசுல" என்றார்கள். எதுக்குமில்லை, நான் பள்ளிப் படிப்போடு தறிக்குப் போனவன், அந்த ஆசை அப்படியே கிடந்தது. முதல் தேர்வுக்குப் போனபோது பறக்கும் படை ஆள் என்று நினைத்து வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். உள்ளே போனதும் தெரிந்தது கஷ்டம்: மூன்று மணி நேரம் எழுதக் கை வரவில்லை. போனில் தட்டித் தட்டி எழுத்தே மறந்துபோன கை. கடைசிக் கேள்விக்குப் பாதிதான் எழுதினேன். அதிலிருந்து விடிகாலையில் ஒரு பக்கம் கையால் எழுதிப் பழகுகிறேன். பேப்பரில் வரும் தலையங்கத்தைப் பார்த்து எழுதுவேன், படித்த மாதிரியும் ஆயிற்று.

அசைன்மென்டுக்கு 30 சதவீதம் மதிப்பெண், அதை விடக் கூடாது. ஜூன் தேர்வுக்கு இரண்டாம் வருடப் பழைய கேள்வித்தாள் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். குமாரபாளையம், அந்தியூர் பக்கம் இதையே படிக்கிறவர்கள் இருந்தால், எந்த வயதானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பவானி நூலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிக்கலாம்.