கி.ரா.வின் இடைசெவலுக்குச் சென்றால் என்ன பார்க்கலாம்?

கேள்வி – கோவை வாசகன்

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலை இரண்டாம் முறை வாசித்து முடித்ததிலிருந்து, அவர் பிறந்த இடைசெவலை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. தைப் பொங்கலை ஒட்டித் திருநெல்வேலி செல்கிறோம். எழுபது வயதைக் கடந்த என் தந்தையாரும் உடன் வருகிறார். நாவலின் தொடக்கத்தில் வரும் ஊருணி, கோட்டையார் வீடு ஆகியவற்றை இன்றும் அடையாளம் காண முடியுமா?

பதில் – கரிசல்காட்டான்

கோபல்ல கிராமம் என்று எந்த ஊரும் இல்லை ஐயா. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து, காடு திருத்திக் குடியேறிய கம்மவார் குடும்பங்களின் கதைகளைக் கொண்டு கி.ரா. கட்டி எழுப்பிய ஊர் அது. ஆகவே, இதுதான் அந்த ஊருணி என்று யாராவது கைநீட்டிக் காட்டினால், தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இடைசெவல், கோவில்பட்டிக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில், திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. ஊரைச் சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். மீதிப் பொழுதைக் காட்டுக்கு ஒதுக்குங்கள். எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் என்று பொருளில்லை. மழையை மட்டுமே நம்பி விதைக்கிற மானாவாரிப் புஞ்சைக்குத்தான் அந்தப் பெயர். மழை பெய்த மறுநாளாக இருந்தால் தந்தையாரை உள்ளே இறக்காதீர்கள். நான்கு எட்டு வைப்பதற்குள் கரிசல் மண் செருப்பின் அடியில் அப்பிக்கொண்டு, காலுக்கு ஒரு செங்கல்லைக் கட்டியது போலாகிவிடும். நாங்களே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்போம். அதே மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். இந்த இரண்டையும் பார்த்தவருக்கு, அவருடைய கதைமாந்தர் ஏன் எப்போதும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

பதில் – பழைய வாசகி

ஊருக்குள் ஒரு மணி நேரம் என்பதை நான் ஏற்கமாட்டேன். மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கி.ரா. தம் படிப்பைப் பற்றிக் கேலியாகச் சொல்வார். அந்தப் பள்ளியின் முன்னால் சற்று நேரம் நிற்காமல் எப்படித் திரும்புவது? 2021 மே மாதம் புதுச்சேரியில் மறைந்த அவருக்கு, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்ததும் இந்த ஊரில்தான்.

இன்னொன்று, இடைசெவல் கி.ரா. ஒருவருடைய ஊர் மட்டுமன்று. அவருடைய இளமைக்கால நண்பர் கு. அழகிரிசாமியும் அங்கேயே பிறந்தவர். புறப்படும் முன் கி.ரா.வின் 'கதவு', அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' ஆகிய இரு சிறுகதைகளையும் அடுத்தடுத்து வாசித்துவிடுங்கள். முன்னதில், வரிபாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகப்படுவதற்கு முன், அந்தக் கதவில் ஏறி ஆடும் பிள்ளைகள் திருநெல்வேலிக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள். நீங்கள் வரப்போவதும் அதே சாலையில்தான்.

கோவில்பட்டியில் 2022-இல் திறக்கப்பட்ட கி.ரா. நினைவரங்கத்தையும் பார்த்துவிடலாம். அங்கிருந்து பாரதி பிறந்த எட்டயபுரம் தொலைவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தால் எதுவும் மனத்தில் நிற்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எட்டயபுரத்தை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைத்துவிட்டேன். 'கதவு' கதையை நேற்றிரவு தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் சிரித்தவர், முடிவில் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். காலையில், மழை பெய்திருந்தாலும் புஞ்சைக்குள் இறங்கத்தான் போவதாகவும், செருப்பைக் காரிலேயே விட்டுவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.