அந்த 10 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

முதுகுத்தண்டு: நேற்று ஒரு சீனியர் பிசியோதெரபிஸ்ட் இங்கே "முதுகுவலிக்கு 10 நாள் கரண்ட் (மெஷின் சிகிச்சை) வைத்தால் சரியாகிவிடும், ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. நாள்பட்ட முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் கொடுத்தது. டென்ஸ் (தோல் வழியாக லேசான மின்சாரம்), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை சிகிச்சை), டிராக்‌ஷன் (முதுகை இழுத்து வைப்பது), இடுப்பு பெல்ட் எதையும் வழக்கமாகக் கொடுக்காதீர்கள், உடற்பயிற்சி கொடுங்கள், விளக்கிச் சொல்லுங்கள் என்கிறது. இது வெள்ளைக்காரனுக்கு மட்டுமா? சரி, அந்த 10 நாள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சீனியர்பிசியோ: அந்த சீனியர் நான்தான் தம்பி, பெயர் சொல்லியே கேட்கலாம். 26 வருஷமாகப் பார்க்கிறேன், குனிய முடியாமல் வருகிறவர் பத்தாம் நாள் தானே குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டு போகிறார். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் கொடுக்கும் நைஸ் அமைப்பு 2009-ல் முதுகுவலிக்கு அக்குபங்சர் செய்யலாம் என்றது, 2016-ல் வேண்டாம் என்றது. அவர்கள் மாற்றி மாற்றிப் பேசுவார்கள், நான் மெஷினைத் தூக்கிப் போட வேண்டுமா?

முதுகுத்தண்டு: அதே 2016 வழிகாட்டுதல்தான் அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐஎஃப்டி (இன்னொரு வகை கரண்ட்) மூன்றையும் கொடுக்காதே என்றது. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். திடீரென்று பிடித்த முதுகுவலி பெரும்பாலோருக்கு ஆறு வாரத்துக்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும், செருப்பு மாட்டியவருக்கும் அப்படிக் குறைந்திருக்கலாம் இல்லையா? அல்ட்ராசவுண்டுக்கு ஜெல் தடவித் தேய்க்கும்போது மெஷின் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று படுத்திருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் அணைத்த மெஷினோடு ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்ய முடிகிறது. உங்கள் அறையில் யார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? 10 நாள் எங்கிருந்து வந்தது, அதைச் சொல்லுங்கள்.

இறுதியாண்டு: ஒரு சந்தேகம். ஆதாரம் என்று இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்கிறீர்களா? ஆதாரம் சார்ந்த மருத்துவம் என்றால் என்ன என்று 1996-ல் டாக்டர் சாக்கெட் எழுதியதில் ஆராய்ச்சி, நம் அனுபவம், நோயாளியின் விருப்பம் மூன்றும் வருகிறதே?

சீனியர்பிசியோ: அனுபவம் என்று அந்தப் பிள்ளையே சொல்கிறது பார். நீ போன மாதம் கழுத்து டிராக்‌ஷன் விஷயத்திலும் இப்படித்தான் எல்லோர் முன்னாலும் என்னை மட்டம் தட்டினாய், நான் மறக்கவில்லை.

பேச்சுப்பயிற்சி: பிசியோக்கள் இன்னும் கரண்டிலேயே நிற்கிறீர்களா?

சீனியர்பிசியோ: மேடம், உச்சரிப்பு வராத குழந்தைகளை விசில் ஊதவும் நாக்கைச் சுழற்றவும் வைப்பது உங்கள் ஆட்கள்தானே, அதற்கு எந்த ஆதாரம்?

பேச்சுப்பயிற்சி: நான் என்றைக்கும் விசில் கொடுத்ததில்லை! தெரியாமல் பேசாதீர்கள். ஒலியைச் சொல்ல வைத்துத்தான் ஒலியைப் பழக்க முடியும் என்று எங்கள் துறையிலேயே சண்டை போடுகிறவள் நான்.

முதுகுத்தண்டு: விசிலை விடுங்கள். போன வாரம் பூக்கட்டும் அம்மா ஒருவர் வந்தார், ஆறு மாத வலி. படுக்கையில் ஏறியதுமே "கரண்ட் வைக்கலையா?" என்றார். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தே வேலை, நடுவில் எழுவதே இல்லை. 20 நிமிடம் பேசினேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துச் சாய்வது இரண்டையும் காலண்டர் தாளின் பின்பக்கம் படமாகப் போட்டுக் கொடுத்தேன். அரைக் கூடை பூ முடிந்ததும் எழுந்து நடங்கள் என்றேன். அந்த 20 நிமிடத்துக்கு யாரும் காசு தருவதில்லை, மெஷினுக்குத் தருகிறார்கள். இதைப் பற்றிப் பேசலாம் என்றால் யாரும் வரமாட்டீர்கள்.

சீனியர்பிசியோ: அந்த அம்மா அடுத்து என்னிடம்தான் வருவார், கரண்ட் வைத்து அனுப்புவேன்.

முதுகுத்தண்டு: எத்தனை நாள்?

சீனியர்பிசியோ: பத்து.

பேச்சுப்பயிற்சி: விசில் பற்றிச் சொன்னதை முதலில் நீக்குங்கள் சார்.